பன்னிரண்டு மீட்டரில் படம் ஏன் நகர்கிறது?

சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் பரிசோதனை இயந்திரங்கள் செய்யும் சிறிய பட்டறையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்:

"அண்ணே, இயந்திரத்தின் நகரும் கையில் ஒரு கேமரா போர்டு இருக்கிறது. அதிலிருந்து மூன்று ஜோடி வயரில், நிறத்துக்கு ஒன்றாக, நொடிக்குத் தலா 200 மெகாபிட் டேட்டா, நான்காவது ஜோடியில் க்ளாக் (பிட்டை எப்போது படிக்க வேண்டும் என்று சொல்லும் துடிப்பு). எல்லாம் எல்விடிஎஸ் (இரண்டு வயருக்கு இடையிலான சிறு வோல்டேஜ் வித்தியாசமாக டேட்டா அனுப்பும் முறை), கேபிள் கேட் 5இ (நான்கு ஜோடி உள்ள நெட்வொர்க் கேபிள்). மேசையில் ஒரு மீட்டரில் அருமையாக ஓடியது. இயந்திரத்தில் 12 மீட்டர் இழுத்ததும் படத்தில் ஒரு நிறம் மட்டும் நகர்ந்து நிற்கிறது. மோட்டார் ஓடினால் இடையிடையே கோடுகளும் விழுகின்றன. அனுப்பும் சிப்பான டிரைவரின் மின்னோட்டத்தைக் கூட்டிப் பார்த்தேன், பயனில்லை. கேட் 7 வாங்கினால் சரியாகுமா? அல்லது ஆர்எஸ்-485 என்ற வேறு அனுப்பும் முறைக்கு மாறவா?"

இரண்டும் வேண்டாம் தம்பி. கேபிளுக்குக் காசு கொடுக்கும் முன் உங்கள் கணக்கைச் சேர்ந்து பார்ப்போம்.

கேட் 5இ கேபிளில் சிக்னல் ஒரு நானோசெகண்டில் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் போகும். உங்கள் வேகத்தில் ஒரு பிட்டின் ஆயுள் 5 நானோசெகண்ட். அப்படியென்றால் ஒவ்வொரு பிட்டும் கேபிளுக்குள் ஒரு மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிறது. 12 மீட்டர் கேபிளில் எந்த நேரமும் பன்னிரண்டு பிட்டுகள் வரிசையாகப் பயணத்தில் இருக்கின்றன. பதிமூன்றாவது பிட் இங்கே புறப்படும்போதுதான் முதல் பிட் அங்கே போய்த் தொடுகிறது. இந்தக் காட்சி மனத்தில் நின்றுவிட்டால் மீதி எல்லாம் எளிதாகப் புரியும்.

முதலில் இழப்பு. ஒன்றும் சுழியும் மாறி மாறி வரும்போது 200 மெகாபிட்டின் உச்ச அலைவெண் 100 மெகாஹெர்ட்ஸ். கேட் 5இ கேபிள் அந்த அலைவெண்ணில் 100 மீட்டருக்குச் சுமார் 22 டெசிபல் இழக்கும். 12 மீட்டருக்கு 2.6 டெசிபல். எல்விடிஎஸ் டிரைவர் 3.5 மில்லி ஆம்பியரை 100 ஓம் தடையில் செலுத்தி 350 மில்லிவோல்ட் உண்டாக்குகிறது. 2.6 டெசிபல் போக, மறுமுனையில் ஏறக்குறைய 260 மில்லிவோல்ட் வந்து சேரும். வாங்கும் சிப்பான ரிசீவருக்கு 100 மில்லிவோல்ட் இருந்தாலே போதும். ஆக உங்களுக்கு வோல்டேஜ் பஞ்சம் இல்லை. மின்னோட்டத்தைக் கூட்டியும் பயனில்லாமல் போனது இதனால்தான். இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்திருக்கிறீர்கள்.

நோய் நேரத்தில் இருக்கிறது. கேட் 5இ கேபிளின் நான்கு ஜோடிகளும் ஒரே அளவில் முறுக்கப்பட்டவை அல்ல. ஒரே சுருதியில் முறுக்கினால் பக்கத்துப் பக்கத்து ஜோடிகள் ஒன்றின் சிக்னலை மற்றொன்று வாங்கிக்கொள்ளும். அதைத் தவிர்க்கவே ஒவ்வொரு ஜோடிக்கும் வேறு வேறு முறுக்கு. இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். ஒரு மீட்டர் துண்டை வெட்டி, மேலுறையைக் கத்தியால் நீளமாகக் கீறி எடுங்கள். நான்கு ஜோடிகளின் ஒரு முனையை மேசையில் ஒட்டுநாடாவால் ஒன்றாக ஒட்டுங்கள். பிறகு ஒவ்வொரு ஜோடியையும் முறுக்கு அவிழ்த்து நேராக நீட்டுங்கள். மறுமுனைகள் ஒரே கோட்டில் நிற்காது. நெருக்கமாக முறுக்கிய ஜோடி, தளர்வாக முறுக்கியதைவிட ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் நீண்டு நிற்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான். செய்தவர்கள் பிறகு எந்தக் கேபிளையும் வெறும் நான்கு ஜோடியாகப் பார்ப்பதில்லை.

மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் என்றால் 12 மீட்டருக்கு 24 சென்டிமீட்டர், அதாவது 1.2 நானோசெகண்ட். இது முறுக்கினால் மட்டும் வருவது. வயரின் மேலுள்ள காப்புப் பொருளிலும் சிறு வேறுபாடுகள் உண்டு. தரநிலை இதற்கு எவ்வளவு இடம் கொடுக்கிறது தெரியுமா? 100 மீட்டருக்கு 45 நானோசெகண்ட் வரை இரண்டு ஜோடிகளுக்கு இடையே வித்தியாசம் இருக்கலாம். 12 மீட்டருக்கு 5.4. உங்கள் பிட்டே 5 நானோசெகண்ட்தான். தரச் சான்றிதழோடு வரும் கேபிள்கூட ஒரு முழு பிட்டை நகர்த்திவிடலாம், அப்போதும் அது தரமான கேபிள்தான். பெரும்பாலான கேபிள்கள் அந்த எல்லைக்கு வெகு உள்ளேயே இருக்கும். ஆனால் மறுமுனையில் உங்கள் எஃப்பிஜிஏ (தேவைக்கேற்ப நாமே வடிவமைக்கும் லாஜிக் சிப்) பிட்டின் நடுவில் மாதிரி எடுக்கிறது. இரு பக்கமும் 2.5 நானோசெகண்ட். அதில் சிப்பின் தேவை, க்ளாக்கின் நடுக்கம், போர்டில் தடங்களின் நீள வித்தியாசம் எல்லாம் போனால் கையில் மிஞ்சுவது ஒன்றோ ஒன்றரையோ. மேசையில் ஒரு மீட்டருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே அல்ல. பன்னிரண்டில் விளிம்பு தாண்டிவிட்டது.

நிறம் நகர்ந்து நிற்கிறது என்று நீங்கள் எழுதியதே இதற்குச் சாட்சி. இரைச்சலால் வரும் பிழை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி வைக்கும். ஒரே நிறம் ஒரே அளவு நகர்ந்து நின்றால் அது நேரப் பிழை. உறுதி செய்ய ஒரு வழி: இரண்டு முனைகளிலும் ஆரஞ்சு ஜோடியையும் பழுப்பு ஜோடியையும் இடம் மாற்றிப் போடுங்கள். பழுது படத்தின் வேறு நிறத்துக்குத் தாவினால் கேபிள்தான் காரணம். அதே நிறத்தில் நின்றால் போர்டைப் பாருங்கள்.

இப்போது கேட் 7 பற்றி. அதில் இந்த நேர வித்தியாசத்துக்கான வரம்பு சற்றே இறுக்கம். ஆனால் உங்களைக் காப்பாற்றும் அளவுக்கு இல்லை. கேட் 7 உயர்வது அலைவெண்ணிலும், இரைச்சலைத் தடுக்கும் உலோக உறையான ஷீல்டிலும். உங்களுக்கு அவை முதல் தேவை அல்ல. இன்னொன்றும் சொல்கிறேன்: கேட் 7க்கு உரிய கனெக்டர் ஜிஜி45, டெரா போன்றவை. சாதாரண நெட்வொர்க் கனெக்டரான ஆர்ஜே45 தலை மாட்டி "கேட் 7" என்று விற்கும் வயர்களை அந்தப் பெயருக்காக வாங்காதீர்கள். ஷீல்டு உள்ள நல்ல கேட் 6ஏ கேபிள் 500 மெகாஹெர்ட்ஸ் வரை பொறுப்பு ஏற்கிறது. இயந்திர வேலைக்கு அதற்கு மேல் தேவைப்படுவது அரிது.

ஆர்எஸ்-485? அது உழைப்பாளி. வயரின் வோல்டேஜ் ரிசீவரின் கிரவுண்டிலிருந்து (போர்டின் சுழி வோல்ட் புள்ளி) -7 முதல் +12 வோல்ட் வரை அலைந்தாலும் தாங்கும். 100 கிலோபிட்டில் 1,200 மீட்டர் போகும். ஆனால் வேகத்தையும் நீளத்தையும் பெருக்கினால் பத்துக் கோடிக்குள் இருக்க வேண்டும் என்பது அதற்கான பழைய கைக்கணக்கு. 12 மீட்டருக்கு 8 மெகாபிட் ஆகிறது. வேகமான சிப்புகள் 50 மெகாபிட் வரை இழுத்துவரும். உங்களுக்கு வேண்டியது மொத்தம் 600. அந்த வழி இல்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. 1858ல் அட்லாண்டிக் கடலுக்கு அடியில் முதல் தந்திக் கேபிள் போட்டார்கள். விக்டோரியா மகாராணியின் 98 சொல் வாழ்த்தை அனுப்ப 16 மணி நேரம் ஆயிற்று. சிக்னல் மறுமுனையில் கரைந்து பரவி வந்தது. பொறுப்பில் இருந்த வைல்ட்மன் ஒயிட்ஹவுஸ், வோல்டேஜைக் கூட்டினால் சரியாகும் என்று நம்பி ஏறக்குறைய 2,000 வோல்ட் ஏற்றினார். சில வாரங்களில் கேபிள் செத்தது. பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன் அதற்கு முன்பே கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார்: கேபிள் நீள நீள சிக்னலின் பரவல் நீளத்தின் வர்க்கமாகக் கூடும், நல்ல செம்பும் நுண்ணிய ரிசீவரும்தான் வேண்டும் என்று. அந்தக் கேபிளின் காப்பு கட்டாப்பெர்ச்சா என்ற மரப்பால். 1840களில் சிங்கப்பூரிலிருந்து அறுவை மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி போன்றவர்கள் அதை உலகுக்கு அறிமுகப்படுத்திய பிறகு, நம் துறைமுகம் வழியாகத்தான் அது கப்பல் கப்பலாகப் போனது. 1871ல் சென்னை, பினாங்கு, சிங்கப்பூர் இணைந்த தந்திக் கேபிளும் அந்தப் பால் பூசியதே. சென்னையிலிருந்து இங்கே வந்த முதல் சீரியல் லிங்க் அது. இன்று கேபிளின் தரத்தைத் தீர்மானிப்பதில் செம்புக்கு இணையாக அதைச் சுற்றியுள்ள காப்புக்கும் பங்கு உண்டு என்று சொல்லும்போது எனக்கு அந்த மரம்தான் நினைவுக்கு வரும்.

திரும்ப வருவோம். உங்கள் இரண்டாவது பழுது, மோட்டார் ஓடும்போது விழும் கோடுகள். இது வேறு நோய். எல்விடிஎஸ் 1.2 வோல்ட்டை மையமாக வைத்து ஆடுகிறது, ரிசீவர் 0 முதல் 2.4 வோல்ட் வரைதான் ஏற்கும். இரண்டு போர்டுகளின் கிரவுண்டும் ஒன்றுக்கொன்று ஒரு வோல்ட்டுக்கு மேல் விலகினால் அது குருடாகிவிடும். ஒரே பெட்டிக்குள் இரண்டு போர்டுகளை இணைக்க இது அருமையான முறை. 12 மீட்டர் தள்ளி, வேறு பவர் சப்ளையில், நடுவில் மோட்டாரை ஓட்டும் சர்வோ டிரைவ் இருக்கும் இடத்தில் அப்படி அல்ல.

பல ஆண்டுகளுக்கு முன் துவாஸில் ஓர் இயந்திரத்தில் இதே பாடத்தை மூன்று இரவு கண்விழித்துக் கற்றேன். கை ஓடும்போது லிங்க் நன்றாக இருக்கும், கை நிற்கும் தருணத்தில் அறுந்துவிடும். கேபிளை மாற்றினோம், போர்டை மாற்றினோம். மூன்றாம் இரவு, சிக்னலைப் பார்ப்பதை விட்டுவிட்டு சிக்னலைத் திரையில் காட்டும் ஸ்கோப்பின் கிளிப்பை ஒரு போர்டின் கிரவுண்டிலும் முனையை மற்ற போர்டின் கிரவுண்டிலும் வைத்தேன். தனி பேட்டரியில் ஓடும் ஸ்கோப், அதனால் அப்படி வைக்க முடிந்தது. சுவரில் செருகிய ஸ்கோப்பில் இதைச் செய்யாதீர்கள். மோட்டார் பிரேக் போடும் ஒவ்வொரு முறையும் திரையில் மூன்று வோல்ட் உயரத்துக்கு ஒரு முள் எழுந்தது. எங்கள் சிக்னல் 350 மில்லிவோல்ட். அது நின்ற தரையே மூன்று வோல்ட் ஆடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து நான் முதலில் அளப்பது கிரவுண்டைத்தான்.

ஆகவே உங்கள் லிங்க்குக்கு இரண்டு குணங்கள் வேண்டும். க்ளாக் தனி ஜோடியில் போகக் கூடாது, டேட்டாவுக்குள்ளேயே கலந்து போக வேண்டும். இரண்டு கிரவுண்டுகளும் ஒன்றையொன்று சார்ந்து நிற்கக் கூடாது.

இந்த இரண்டையும் சேர்த்துத் தீர்க்கும் வித்தை சமநிலைக் குறியீடு. 1983ல் ஐபிஎம்மைச் சேர்ந்த விட்மர், ஃபிரானசெக் இருவரும் வெளியிட்ட 8பி/10பி முறையை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு பிட்டுகளைப் பத்தாக மாற்றி அனுப்பும். ஒன்றுகளும் சுழிகளும் மொத்தத்தில் சரிசமமாக இருக்கும்படியும், ஒரே பிட் ஐந்து முறைக்கு மேல் தொடர்ந்து வராதபடியும் அந்தப் பத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இதனால் மூன்று நன்மைகள் ஒன்றாக வருகின்றன. அடிக்கடி மாற்றம் வருவதால் ரிசீவர் அதிலிருந்தே க்ளாக்கைப் பிழிந்தெடுத்துக்கொள்ளும். சராசரி வோல்டேஜ் நகராததால் நடுவில் கெபாசிட்டரோ டிரான்ஸ்ஃபார்மரோ போட்டு கிரவுண்டைப் பிரித்துவிடலாம். மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை: நீண்ட வரிசையாக ஒன்றுகள் வந்து, பிறகு ஒற்றைச் சுழி வந்தால், இழப்புள்ள கேபிளில் அந்தச் சுழி முழுவதும் கீழே இறங்கும் முன்பே அதன் நேரம் முடிந்துவிடும். ஐந்துக்கு மேல் வரிசையே இல்லை என்றால் அந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது. விலை 25 விழுக்காடு கூடுதல் வேகம்: உங்கள் 600, வயரில் 750 ஆகும்.

அந்த 750 மெகாபிட்டும் ஒரே ஜோடியில் போனால் உச்ச அலைவெண் 375 மெகாஹெர்ட்ஸ். செம்பில் மின்னோட்டம் அலைவெண் ஏற ஏறத் தோலுக்கு ஒதுங்கும். 1 மெகாஹெர்ட்ஸில் 66 மைக்ரான் ஆழம் வரை ஓடுவது, 100ல் 6.6 மைக்ரானுக்குச் சுருங்கும். அதனால் இழப்பு ஏறத்தாழ அலைவெண்ணின் வர்க்கமூலமாகக் கூடும். காப்புப் பொருளும் தன் பங்கைக் குடிக்கும். கேட் 5இயின் கணக்கை நீட்டினால் 12 மீட்டருக்கு ஐந்து டெசிபலுக்குச் சற்று மேல். அந்தக் கேபிள் 100 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் எதற்கும் உறுதி தருவதில்லை. கேட் 6ஏ தரும். ஆர்ஜி-6 போன்ற 75 ஓம் கோஆக்ஸில் (டிவி ஆண்டெனா வயர் வகை) அதே தூரத்துக்கு இரண்டு டெசிபல்கூட ஆகாது. ஆனால் ஆர்ஜி-6 உள்ளே தடித்த ஒற்றைக் கம்பி. நகரும் கையின் கேபிள் சங்கிலிக்குள் அது நாளும் பொழுதும் வளைந்தால் ஒரு நாள் உள்ளே முறியும். வளையட்டும் என்று ஆர்ஜி-174 போன்ற மெல்லிய கோஆக்ஸ் எடுத்தால் அது கேட் 5இயைவிடவும் அதிகம் இழக்கும். முறுக்கிழைச் செம்பு உள்ள வளையும் கேபிள்கள் எல்லாமே, ஒற்றைச் செம்பைவிட 20 முதல் 50 விழுக்காடு வரை கூடுதலாக இழக்கும் என்று கணக்கில் வையுங்கள். கேபிள் சங்கிலிக்கென்றே தயாரித்தது என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் கிகாபிட் ஈதர்நெட் எடுப்பேன். உங்கள் 600 அதில் அடங்கும். நான்கு ஜோடியிலும் நேர வித்தியாசம் இருக்கும் என்று தெரிந்தே அதன் சிப்பை வடிவமைத்திருக்கிறார்கள். அதைத் தானே அளந்து சரிசெய்துகொள்ளும். இரண்டு பக்கமும் 1,500 வோல்ட் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. 100 மீட்டர் போகும். இரவு இரண்டு மணிக்குக் கேபிள் அறுந்தாலும் தொழிற்சாலையின் ஸ்டோரில் இன்னொன்று கிடைக்கும். இந்தக் கடைசிக் காரணம் வடிவமைப்பு அறையில் சின்னதாகத் தெரியும். வாடிக்கையாளரின் தளத்தில் நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஈதர்நெட்டில் நேரம் துல்லியமாக இருக்காதே, படம் எடுக்கும் கணம் பிசகுமே என்று நீங்கள் கேட்பீர்கள். எடுக்கும் கணத்தை ஈதர்நெட்டில் அனுப்பாதீர்கள். கையின் நகர்வைத் துடிப்புகளாகச் சொல்லும் என்கோடரின் துடிப்பை, ஆர்எஸ்-485க்கு உறவான ஆர்எஸ்-422ல் நேரடியாகக் கேமரா போர்டுக்குக் கொண்டுபோங்கள். அது சில நூறு கிலோஹெர்ட்ஸ்தான், 12 மீட்டர் அதற்கு ஒன்றுமே இல்லை. போர்டே அந்தத் துடிப்பில் படமெடுத்து, நேரக்குறி போட்டு, நினைவகத்தில் வைத்து, பிறகு அனுப்பட்டும். தாமதமாக வந்து சேரலாம், ஆனால் எப்போது எடுத்தது என்பது மாறாது. மெதுவானதை மெதுவான வழியிலும் வேகமானதை வேகமான வழியிலும் பிரித்து விடுங்கள்.

தாமதமே கூடாது, படத்தைப் பார்த்து அடுத்த மில்லிசெகண்டில் கை திரும்ப வேண்டும் என்ற நிலை இருந்தால் மட்டும் டேட்டாவை ஒரே வரிசையாக்கிக் கோஆக்ஸில் அனுப்பும் சீரியலைசர் சிப்புகள் அல்லது கேமராக்களுக்கான கோஆக்ஸ் தரநிலையான கோஆக்ஸ்பிரஸ். ஒரே வயரில் படமும், எதிர்த்திசையில் கட்டளையும், பவரும் போகும். சிப்பும் கனெக்டரும் விலை கூடுதல்.

10 கிகாபிட்டுக்கு மேல் என்றால் பேச்சே வேறு. சில மீட்டருக்குள் இரட்டை அச்சுச் செம்புக் கேபிள், அதைத் தாண்டினால் ஃபைபர். இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் போவதென்றால் வேகம் எதுவானாலும் ஃபைபர்தான் போடுங்கள். ஆண்டுக்கு 160 நாளுக்கு மேல் இடி இடிக்கும் ஊர் இது.

போர்டை இப்போது மாற்ற முடியாது, இயந்திரம் அடுத்த மாதம் போக வேண்டும் என்றால் ஒரு தற்காலிக வழி. லிங்க் தொடங்கும்போது மூன்று ஜோடியிலும் தெரிந்த ஒரே வடிவத்தை அனுப்புங்கள். எஃப்பிஜிஏவின் உள்ளீட்டுத் தாமதத்தை ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனியே படிப்படியாக நகர்த்தி, சரியாகப் படிக்கும் எல்லைகள் இரண்டையும் கண்டுபிடித்து, நடுவில் நிறுத்துங்கள். முழு பிட் நகர்ந்திருந்தால் அதையும் அந்த வடிவத்தை வைத்தே திருத்தலாம். நிறம் தன் இடத்துக்கு வந்துவிடும். மோட்டார் கோடுகள் இதனால் போகாது. அதற்கு இரண்டு போர்டுகளின் கிரவுண்டையும் தடித்த பின்னல் பட்டையால் இணையுங்கள், கேபிளை மோட்டார் வயரிலிருந்து விலக்குங்கள், ஷீல்டைக் கனெக்டரின் உலோகக் கூட்டோடு சுற்றிலும் இறுக்குங்கள். ஷீல்டை வால்போல முறுக்கி ஒரு பின்னில் பற்றவைக்காதீர்கள். அந்த மூன்று சென்டிமீட்டர் வால் உயர் அலைவெண்ணில் ஷீல்டையே இல்லாமல் ஆக்கிவிடும். நகரும் கையில் ஆர்ஜே45 தளரும், திருகி இறுக்கும் எம்12 எக்ஸ் வகைக் கனெக்டர் போடுங்கள்.

எதைச் செய்தாலும், படம் நன்றாகத் தெரிகிறது என்பதைச் சோதனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு லட்சம் கோடி பிட்டில் ஒரு பிழை என்ற அளவுக்கு மேல் போகவில்லை என்று 95 விழுக்காடு நம்பிக்கையோடு சொல்ல, மூன்று லட்சம் கோடி பிட்டுகள் பிழையே இல்லாமல் போக வேண்டும். 600 மெகாபிட்டில் அதற்கு 5,000 செகண்ட், 83 நிமிடம். அந்த 83 நிமிடமும் மோட்டார்கள் ஓடி, நின்று, ஓட வேண்டும். 12 மீட்டருக்குப் பதில் 18 அல்லது 20 மீட்டர் கேபிளிலும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் நின்றால் இயந்திரத்தில் நிம்மதியாகத் தூங்கலாம். சோதனைத் துண்டுகளுக்கு மின்னணுக் கடைகள் உள்ள சிம் லிம் டவர் பக்கம் போனால், வயரின் மேலுறையில் அச்சிட்டிருப்பதைப் படித்து வாங்குங்கள். கேட் எண், செம்பின் பருமன், ஒற்றையா முறுக்கிழையா என்பது அதிலேயே இருக்கும். அது இல்லாத வயரை வாங்க வேண்டாம்.

முதலில் அந்த ஆரஞ்சு, பழுப்பு இடமாற்றச் சோதனையைச் செய்துவிட்டு, பழுது எந்த நிறத்துக்குப் போனது என்று எழுதுங்கள். கிரவுண்டுகளுக்கு நடுவில் எத்தனை வோல்ட் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.